எட்டுச் சக்கரப் பீரங்கியும் சுடலைக்கண்ணு மேஸ்திரியும்

எட்டயபுரத்திலிருந்து எப்போதும்வென்றான் போகும் தார் ரோட்டில் பதினோரு கிலோமீட்டர் சுடலைக்கண்ணு மேஸ்திரியின் பொறுப்பில் இருந்தது. இருபது வயதில் ஜல்லித் தட்டு சுமக்கிற ஆளாகச் சேர்ந்து, படிப்படியாகக் கேங் மேஸ்திரி ஆனவர்; ரோட்டு வேலையில் மொத்தம் முப்பது வருஷம். காக்கி டவுசர், காலர் நைந்த காக்கிச் சட்டை, தலையில் ஈரத்துண்டு, கையில் நாலடி நீள இரும்புக் கம்பி. ரோட்டோரத்தை அந்தக் கம்பியால் குத்திப் பார்த்துக்கொண்டே நடப்பார். கம்பி எவ்வளவு இறங்குகிறது என்பதை வைத்து, அடுத்த மழைக்கு எந்த இடம் வாய் பிளக்கும் என்று சொல்லிவிடுவார். சொன்னதை யாரும் காதில் வாங்க மாட்டார்கள். முப்பது வருஷமாக அவருக்கு இருந்த எரிச்சல் அதுதான்.

கரிசல் மண் மேல் ரோட்டைக் காப்பாற்றுவது லேசான காரியம் இல்லை. கோடையில் கை நுழைகிற அகலத்துக்கு வெடிக்கும். மழை விழுந்தால் உப்பிக்கொண்டு எழும்பும். மண்ணாவது மழைக்கும் வெயிலுக்கும் தக்கபடி நடக்கிறது. மனிதர்களைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. குளத்தூர்ப் பக்கமிருந்து வரும் உப்பு லாரிகள் வழியெல்லாம் உப்புத்தண்ணீர் சொட்டிக்கொண்டே போகும். பருத்தி லாரிக்காரன் வண்டி ஏற்றுக்கொள்கிற அளவுக்கு ஒன்றரைப் பங்கு ஏற்றி வருவான். கல்யாண வீட்டுக்காரர்கள் பந்தல் கால் நட ரோட்டிலேயே கடப்பாரை போடுவார்கள். ஒருவர் தன் புஞ்சையில் தேங்கிய தண்ணீரை மறுபக்கம் விட ரோட்டுக்குக் குறுக்கே வாய்க்காலே வெட்டிவிட்டார். சுடலைக்கண்ணு கத்துவார். எல்லாரும் மரியாதையாக, "சரி மேஸ்திரி, இனிமே செய்யல" என்பார்கள். மறுவாரம் அதையே செய்வார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் வாயைத் திறக்கும் முன்பே மனைவி பெருமாயி சோற்றைப் போட்டுவிட்டு, "இன்னைக்கு எந்த லாரி?" என்று கேட்பாள். அவர் சொல்லச் சொல்ல அவள் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பாள். ஆனாலும் எல்லா லாரி நம்பரும் அவளுக்குத் தெரியும்.

எண்பத்தைந்தாம் வருஷம் ஐப்பசியில் நாலு நாள் விடாமல் மழை அடித்தது. எப்போதும்வென்றானுக்கு இந்தப் பக்கம் ஓடையின் குறுக்கே இருந்த தரைப்பாலம் நடுவில் பதினைந்தடிக்கு அறுத்துக்கொண்டு போய்விட்டது. சுடலைக்கண்ணு இரண்டு தார் டிரம்மை உருட்டி வைத்து, குறுக்கே உடைமரத்து முள்ளை வெட்டிப் போட்டு, சிவப்புத் துணி கட்டினார். அது போதாதென்று அவரும் பக்கத்திலேயே நின்றார்.

"தண்ணி வடிஞ்சிருச்சே மேஸ்திரி, போலாமா?"

"பாலமே இல்லய்யா."

"ஓரமா போலாமா?"

"எதோட ஓரமா? பாலம் இல்லங்கேன்."

ஒரு காலையில் மட்டும் இதையே நாற்பது பேருக்குச் சொல்லியிருப்பார். எட்டயபுரம் பஸ் டிரைவர் இறங்கி வந்து, அவர் சொன்னதை நம்பாமல் முள்ளைத் தாண்டி எட்டிப் பார்த்துவிட்டு, "ஆமா, பாலம் இல்லியே" என்று அவருக்கே சேதி சொன்னார்.

ஐந்தாம் நாள் சுள்ளென்று வெயில் அடித்தது. பத்து மணிவாக்கில் வடக்கேயிருந்து ஒரு ராணுவ ஜீப் வந்தது. பின்னால் இரண்டு ராணுவ லாரிகள். அந்த லாரிகளுக்கு நடுவில் வந்ததைப் பார்த்து, ஜல்லி குவித்துக்கொண்டிருந்த முத்துத்தாய் தட்டைக் கீழே போட்டுவிட்டாள். அவள் மேஸ்திரியின் கேங்கில் பன்னிரண்டு வருஷமாக வேலை செய்கிறவள். எதற்கும் லேசில் அசர மாட்டாள்.

நெஞ்சு உயரத்துக்கு எட்டுச் சக்கரங்கள். முன்னால் தட்டையான டிரைவர் அறை, பின்னால் என்ஜின். இரண்டுக்கும் நடுவில் இரும்பால் ஆன ஓர் அறை. அந்த அறையிலிருந்து நீண்ட குழல் ஒன்று டிரைவர் தலைக்கு மேலாக முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் வாயைத் தார்ப்பாய்த் துணியால் கட்டியிருந்தார்கள்.

ஜீப்பிலிருந்து ஒரு ஹவில்தார் குதித்து இறங்கினார். "அண்ணாச்சி, தூத்துக்குடிக்கு இதானே ரோடு?"

"இதேதான். நடுவுல பாலம் இல்ல."

ஹவில்தாரின் பெயர் வேல்சாமி. விளாத்திகுளத்துப் பக்கத்துக்காரர், பீரங்கிப் படையில் பதினேழு வருஷம். சொந்தச் சீமையில் ஆள் கிடைத்த சந்தோஷத்தில் கேட்காமலே எல்லாம் சொன்னார். வெளிநாட்டில் செய்த பீரங்கி. சோதித்துப் பார்க்கக் கொண்டுவந்தது. எட்டு மாசம் பாலைவனத்திலும் மலையிலும் ஓட்டியும் சுட்டும் பார்த்தாகிவிட்டது. இப்போது செய்தவர்களிடமே திரும்பப் போகிறது. நாளைச் சாயங்காலம் தூத்துக்குடியில் கப்பல் கிளம்பும். ரயிலில் ஏற்றாமல் இரண்டாயிரம் கிலோமீட்டரும் அதையே ஓட்டிக்கொண்டு வரச் சொல்லி உத்தரவு. அதுவும் சோதனையில் ஒரு பங்கு.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. "தானா ஓடுமாமே. டிரைவரே வேண்டாமா?" என்று ஒருவர் கேட்டார்.

"டிரைவர் இருக்காரு. இழுத்துட்டுப் போக வேற லாரி வேண்டாம்னு அர்த்தம்."

"அப்ப லாரி மேல பீரங்கிய வச்சிருக்கு. அம்புட்டுத்தானே?" என்றாள் முத்துத்தாய்.

வேல்சாமியின் முகம் சுருங்கியது. "அம்புட்டுத்தான் இல்லம்மா. பழைய பீரங்கிய லாரியில கட்டி இழுத்துட்டுப் போவோம். போயி அவுக்கணும், காலை விரிக்கணும், பள்ளம் தோண்டி ஊனணும். ஒம்பது பத்துப் பேரு அல்லாடுவோம். இது நின்ன எடத்துல மூணு இரும்புக் காலை எறக்கும். ரெண்டு நிமிசத்துல மொதக் குண்டு போயிரும். ஒரு குண்டு நாப்பத்தி மூணு கிலோ. அதையும் மிஷினே எடுத்து உள்ள தள்ளுது. சுட்டு முடிச்சதும் காலைத் தூக்கிட்டு ஒரே நிமிசத்துல கெளம்பிரும். எதிராளி எங்கேருந்து வந்துச்சுன்னு கணக்குப் போட்டுத் திருப்பிச் சுடையில அங்கன யாரும் இருக்க மாட்டோம்."

"எம்புட்டு தூரம் போகும்?"

"இங்கன நின்னு போட்டா கோயில்பட்டி ரயில் டேசன்கிட்ட விழும்."

"அங்கன எதுக்குப் போடணும்?" என்றாள் முத்துத்தாய்.

வேல்சாமி தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார்.

சுடலைக்கண்ணு இதற்குள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்திருந்தார். குண்டையும் குழலையும் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "மொத்தம் எத்தன டன்?" என்றார்.

"இருபத்தெட்டு."

"நாலு அச்சு. அச்சுக்கு ஏழு." டயரைத் தட்டிப் பார்த்தார். "நம்ம பருத்தி லாரிக்காரன் பின்னச்சுல மட்டும் பத்துக்கு மேல ஏத்திட்டு வாரான். அதுக்கு இது தேவலை. ரோட்டுல என்ன வேகம் போகும்?"

"எம்பது போகும் அண்ணாச்சி."

"பெறகென்ன. திரும்பிக் கோயில்பட்டிக்குப் போங்க. பசுவந்தனை, ஓட்டப்பிடாரம் வழியா எறங்குங்க. நாப்பது கிலோமீட்டர் கூட. அங்கன அடியில சரளை போட்ட ரோடு, தாங்கும். ரெண்டு மணிக்கெல்லாம் தூத்துக்குடியில சாப்பிடலாம்."

முப்பது வருஷத்தில் அவர் ஒரு வண்டியைத் தேவலை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. ஆனால் அந்த வண்டியின் அதிகாரி மேஜர் ரத்தோர் ஜீப்பின் முன்பக்கத்தில் வரைபடத்தை விரித்து வைத்து வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோட்டிலிருந்து பிரிந்து, புஞ்சைகளின் ஊடே வளைந்து, ஓடையை மேட்டுப்பக்கம் ஆழமில்லாத இடத்தில் கடந்து, மறுபடி ரோட்டில் சேரும் வண்டிப்பாதை அது. அரைக் கிலோமீட்டர் இருக்கும்.

அந்த நேரம் பார்த்து ராமசுப்பு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பாதையின் இரண்டு பக்கமும் இருந்த புஞ்சைகள் அவருடையவை. வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா. மேஜருக்குக் கை கூப்பிவிட்டுத் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், தாராளமாகப் போகலாம், தன்னுடைய வண்டி தினமும் அதில்தான் போகிறது என்றார்.

சுடலைக்கண்ணுவுக்குச் சுருக்கென்றது. "மொதலாளி, உங்க மாட்டு வண்டி ஒரு டன்னு. இது இருபத்தெட்டு."

"மாடு போற எடத்துல மிஷின் போகாதா மேஸ்திரி? ராணுவத்துக்காரங்களுக்கு நீரு வழி சொல்லுதீரா?"

சுடலைக்கண்ணு பாதைக்குள் பத்தடி நடந்து கம்பியை ஊன்றி அழுத்தினார். கைப்பிடி தவிர முழுக் கம்பியும் இறங்கிவிட்டது. உருவிக்கொண்டு வந்து அதில் ஒட்டியிருந்த கறுப்புக் களியை மேஜரிடம் காட்டினார். மேஜர் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார்.

"பாலைவனத்துல முட்டளவு மணல்ல போன வண்டியாம். சாரு சொல்லுதாரு" என்றார் வேல்சாமி.

"மணலு வேற. மணலு விலகிக் கொடுக்கும், இது பிடிச்சுக்கிடும். மேல காஞ்ச மாதிரி தெரியும். ஒரு சாணுக்குக் கீழ களி. சக்கரத்துல ஒட்டுச்சுன்னா டயர்ல இருக்கிற பள்ளமெல்லாம் அடைஞ்சு வழவழன்னு ஆயிரும். அப்புறம் எட்டுச் சக்கரம் இருந்தா என்ன, எம்பது இருந்தா என்ன. சொல்லு அவருட்ட."

வேல்சாமி இந்தியில் சொன்னார்.

"அம்புட்டையும் சொன்னியா?"

"சொன்னேன் அண்ணாச்சி."

"நான் பேசுனதுல பாதி நேரங்கூட ஆகலியே."

வேல்சாமி சங்கடப்பட்டு வேறொரு விஷயத்தைச் சொன்னார். அந்த வண்டியில் டிரைவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டு டயருக்கும் காற்றைக் குறைக்கலாம், ஏற்றலாம். குறைத்தால் டயர் தட்டையாகப் பரவி இளகிய மண்ணில் அமுங்காமல் போகும்.

"நல்லதாப் போச்சு. இப்பவே குறைக்கச் சொல்லு."

வேல்சாமி கேட்டார். மேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது.

பீரங்கி பாதையில் இறங்கியது. முதல் நூறு மீட்டர் ஜோராகப் போயிற்று. கூட்டத்தில் கைதட்டினார்கள். ராமசுப்பு திரும்பி மேஸ்திரியைப் பார்த்தார். நூற்றைம்பதில் வேகம் குறைந்தது. டயர்களில் கறுப்புக் களி ஒட்டி ஒட்டித் தடித்து, எட்டும் எட்டு ஆட்டுரல் மாதிரி உருண்டன. இருநூறில் நின்றது. டிரைவர் என்ஜினை முறுக்கினார். சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றிக் குழி பறித்தன. அப்போதுதான் காற்றைக் குறைத்தார்கள். அதற்குள் அச்சுவரைக்கும் இறங்கிவிட்டது. இழுக்கப் போன ராணுவ லாரியும் அறுபது மீட்டரில் உட்கார்ந்துகொண்டது.

மணி பன்னிரண்டாகியிருந்தது. தான் சொன்னபடியே நடந்துவிட்டது என்று சுடலைக்கண்ணுவுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. முப்பது வருஷமாகத் தான் சொன்னபடியேதான் நடந்துகொண்டிருக்கிறது. அதில் ஒரு தடவைகூட அவருக்கு லாபம் இருந்ததில்லை. உழைப்புத்தான் கூடியிருக்கிறது.

மேஜர் நேரே வரவில்லை. வேல்சாமியை அனுப்பினார். "அண்ணாச்சி, கப்பல் போயிட்டுன்னா எங்க சாரு உத்தியோகத்துக்கே கேடு வந்துரும். என்ன செய்யலாம்?"

"மொதல்ல சக்கரத்தச் சுத்துறத நிறுத்தச் சொல்லு. அதான் நல்லாக் குழி தோண்டுது."

அவர் கேங்கில் ஆறு பேர். ராணுவத்தார் பதினான்கு பேர். எல்லாரையும் மம்பட்டியோடு இறக்கினார். நாலு வெட்டுக்கு ஒருமுறை மம்பட்டியைத் தண்ணீரில் முக்கி வழித்துவிடச் சொன்னார். இல்லையென்றால் மண் வராது, மம்பட்டிதான் கனக்கும். சக்கரத்துக்குப் பின்னால் சரிவாக வெட்டச் சொன்னபோது மேஜர் குறுக்கிட்டார். முன்னால் இன்னும் முந்நூறு மீட்டர்தானே, முன்னாலேயே போகலாம் என்றார்.

வேல்சாமி மொழிபெயர்த்து முடிக்கும் முன் சுடலைக்கண்ணுவுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "வந்த வழியே போகச் சொல்லு அவியள. பின்னால இருநூறு மீட்டர் எப்படின்னு எனக்குத் தெரியும். முன்னால ஓடைக்கரை. அங்கன எறங்கிட்டா அடுத்த கோடைக்குத்தான் எடுக்கலாம். மாட்டேன்னா மம்பட்டியக் கீழ போட்டுட்டு என் ஆளுகளக் கூட்டிட்டுப் போயிருவேன்."

இந்தத் தடவை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. மேஜர் தள்ளி நின்றுகொண்டார்.

வெட்டினால் மட்டும் போதவில்லை. வெட்டிய இடத்தில் சக்கரம் மறுபடி அமுங்கும். சுடலைக்கண்ணு அந்த வண்டியை இன்னொரு சுற்றுச் சுற்றி வந்தார். அடிவயிற்றில் மடக்கி வைத்திருந்த இரும்புக் கால்களின் முன்னால் நின்றார்.

"இது சுடையில ஊனுற காலுன்னுதானே சொன்ன?"

"ஆமா. குண்டு கெளம்புற உதையில வண்டி ஆடாம இருக்கணும்ல. டயர்ல பாரம் வராம உடம்பையே கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும்."

"தூக்குமா? இருபத்தெட்டு டன்னையும்?"

"தூக்கும் அண்ணாச்சி."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? கோயில்பட்டியில குண்டு விழுறத மட்டும் சொல்லுத."

பாலத்தை அடைத்துக் கட்டப் பனங்கட்டைகள் வந்து கிடந்தன. அவற்றைச் சுமந்துவந்து ஒவ்வொரு காலுக்கும் கீழே இரண்டடுக்காகக் குறுக்கும் நெடுக்குமாக வைத்தார்கள். இரும்புக் கால்களை இறக்கியதும் கட்டைகள் முனகிக்கொண்டு களிக்குள் அரையடி போயின. பிறகு நின்றன. பீரங்கி மெதுவாக ஒரு சாண் எழும்பியது. சக்கரங்களுக்குக் கீழே வெளிச்சம் தெரிந்தது.

அந்தச் சந்தில் போட ஏதாவது வேண்டும். பக்கத்துப் புஞ்சை ஓரத்தில் ராமசுப்புவின் போன வருஷத்துப் பருத்திச் செடிகளைப் பிடுங்கிக் காயவைத்த மார், அடுப்பெரிக்க, மலைபோல் அடுக்கியிருந்தது. சுடலைக்கண்ணு அதைக் கை காட்டினார். ராமசுப்பு வாயைத் திறந்தார், மேஜரைப் பார்த்தார், மூடிக்கொண்டார். மாரைக் கட்டுக் கட்டாகச் சக்கரத்துக்குக் கீழே திணித்தார்கள். அதன் மேல் ஜல்லி. ரோட்டோரத்தில் சீராகக் குவித்து வைத்திருந்த ஜல்லி அது. பாலத்தைப் பலப்படுத்தவென்று மேஸ்திரி இரண்டு வருஷம் கேட்டுக் கேட்டு வாங்கியது. முத்துத்தாய் முதல் தட்டைத் தூக்கிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"கொண்டு போ. என் மூஞ்சியில என்ன இருக்கு?" என்றார்.

இரண்டு மணிக்குப் பெருமாயி தூக்குச்சட்டியோடு நடந்தே வந்துவிட்டாள். வரப்பில் நின்று பீரங்கியைப் பார்த்தாள். பிறகு இடுப்புவரைக்கும் களியாக நின்ற புருஷனைப் பார்த்தாள்.

"இன்னைக்கு எந்த லாரின்னு கேக்க மாட்டேன். இந்தாங்க, தின்னுட்டுப் பாருங்க."

அவர் வரப்பில் உட்கார்ந்து கம்மஞ்சோற்றை நாலு வாயில் முடித்தார். வேல்சாமிக்கும் ஒரு கை கொடுத்தாள். எட்டு மாசத்துக்குப் பிறகு கம்மஞ்சோறு தின்ற வேல்சாமி விரல்களை வழித்து நக்கினார்.

காலைத் தூக்கி, காற்றை நன்றாகக் குறைத்து, மாரின் மேல் பின்னால் உருட்டினார்கள். நாற்பது மீட்டர் வந்தது, மறுபடி இறங்கியது. மறுபடி பனங்கட்டை, மறுபடி கால், மறுபடி மாரும் ஜல்லியும். அப்படி நாலு தடவை. நடுவில் அமுங்கிக் கிடந்த லாரியை எல்லாரும் சேர்ந்து வடத்தைப் போட்டு இழுத்தார்கள். நாலரை மணிக்குப் பீரங்கியின் பின்சக்கரங்கள் தார் ரோட்டின் விளிம்பைத் தொட்டன. மேஜர் ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

சுடலைக்கண்ணு கம்பியோடு பீரங்கிக்குப் பின்னால் போய் ரோட்டின் குறுக்கே நின்றார்.

"என்ன அண்ணாச்சி?" என்று வேல்சாமி ஓடி வந்தார்.

"சக்கரத்தச் சுரண்டச் சொல்லு. இம்புட்டுக் களியோட என் ரோட்டுல ஏறக் கூடாது."

"ஐயோ, நேரமாச்சு அண்ணாச்சி."

"போன வருசம் ஒரு டிராக்டர்காரன் இப்படித்தான் சேத்த இழுத்துட்டுப் போனான். சாரல் விழவும் வழுக்கிருச்சு. சைக்கிள்ல வந்த பால்காரன் விழுந்து தொடை எலும்பு முறிஞ்சு இன்னும் நொண்டுதான். உங்க வண்டியில எட்டுச் சக்கரம். கோயில்பட்டி வரைக்கும் மெழுகிட்டே போகும். சுரண்டுங்க."

ராமசுப்பு எல்லாருக்கும் கேட்கும்படி, "ராணுவத்தையே மறிக்கீரா? இதுக்கு நீரு பதில் சொல்லணும்" என்றார். பருத்திமார் போன துக்கமும் காலையில் தான் சொன்னது தப்பாகிப்போன வெட்கமும் அவர் குரலில் இருந்தன.

மேஜர் இறங்கி வந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேஜருடைய கால்சட்டையும் முழங்கால்வரைக்கும் கறுப்பாக இருந்தது. அவர் தன் ஆட்களிடம் திரும்பி ஒரு வார்த்தை சொன்னார். கடப்பாரை, அரிவாள், லாரியிலிருந்த தகரத்துண்டு என்று கையில் கிடைத்ததை வைத்து முக்கால் மணி நேரம் சுரண்டினார்கள்.

கிளம்பும்போது மேஜர் மேஸ்திரியின் கையைப் பிடித்துக் குலுக்கி நீளமாக ஏதோ பேசினார்.

"நன்றின்னு சொல்லுதாரு" என்றார் வேல்சாமி.

"அம்புட்டுத்தான் சொன்னாரா?"

"நெறையச் சொன்னாரு அண்ணாச்சி. நேரமாச்சு, வாரேன்."

பீரங்கி கோவில்பட்டிப் பக்கம் திரும்பிப் போயிற்று. நல்ல வேகத்தில், சத்தம் அதிகமில்லாமல், ரோட்டுக்கு ஒரு கெடுதலும் செய்யாமல் போயிற்று. காலையிலேயே அப்படிப் போயிருக்கலாம்.

பத்து நாள் கழித்து வேல்சாமியிடமிருந்து ஒரு கார்டு வந்தது. 'சாமான் நல்லபடியாக ஏறியது. மதினிக்கு என் வணக்கம். கம்மஞ்சோற்றை மறக்க மாட்டேன்.' அவ்வளவே எழுதியிருந்தது.

அதற்கு அடுத்த வாரம் வேறொரு காகிதம் வந்தது. ராமசுப்பு மனு எழுதிப் போட்டிருந்தார். ராணுவ வாகனத்தைப் பணி நேரத்தில் வழிமறித்து, அதிகாரியை அவமதித்ததாகக் குற்றச்சாட்டு. விளக்கம் கேட்டு மெமோ. ரோடு இன்ஸ்பெக்டர் பதவிக்கான பட்டியலில் இருந்த சுடலைக்கண்ணுவின் பெயர் விசாரணை முடியும்வரை நிறுத்திவைக்கப்பட்டது.

அவர் முத்துத்தாயின் மகளை வைத்து இரண்டு பக்கத்துக்கு விளக்கம் எழுதினார். எட்டுச் சக்கரம், இருபத்தெட்டு டன், மூன்று கால், பருத்திமார், களி என்று ஒன்றையும் விடவில்லை. அதைப் படித்த ஆபீசில் ராணுவத்துக்கு எழுதிக் கேட்டார்கள். நாலு மாசத்தில் பதில் வந்தது. குறிப்பிட்ட தேதியில் அந்தப் பகுதியில் அப்படிப்பட்ட வாகனம் எதுவும் செல்லவில்லை.

சோதனைக்கு வந்த ஆயுதத்தைப் பற்றி வெளியே சொல்ல மாட்டார்கள் என்பது யாருக்கும் விளங்கக்கூடிய விஷயம்தான். சுடலைக்கண்ணுவுக்கும் விளங்கியது. ஆனாலும் இங்கிலீஷில் வந்த அந்தப் பதிலை மூன்று தடவை வாசித்துச் சொல்லச் சொல்லிக் கேட்டார். இடுப்பளவு களியில் நாள் முழுக்க நின்றவரிடம், நீ நின்ற இடத்தில் ஒன்றுமே இல்லை என்கிறார்கள்.

சித்திரையில் புதிதாக வந்த உதவிப் பொறியாளர் அந்த ஃபைலை எடுத்துப் பார்த்தார். பெயர் கமால். கோவில்பட்டிக்காரர், முப்பது வயது இருக்கும். மேஸ்திரியைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"மேஸ்திரி, இது சுலபமா முடிஞ்சிரும். வண்டியே வரலைன்னு ராணுவம் சொல்லுது. வராத வண்டிய நீங்க மறிச்சிருக்க முடியாது. குற்றச்சாட்டு விழுந்திருச்சு. 'அப்படி எந்த வாகனமும் வரவில்லை'ன்னு எழுதியிருக்கேன். கையெழுத்துப் போடுங்க. உங்க பேரு பட்டியல்ல திரும்ப ஏறிரும்."

சுடலைக்கண்ணு பேனாவை வாங்கினார். காகிதத்தைப் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்தார்.

"வந்துச்சு சார்."

"வந்திருக்கலாம். காகிதத்துல வரலை."

"என் ரோட்டுல எது வந்தது, எது வரலைங்கிறத எனக்குத் தெரியாம யாரு சார் சொல்றது? வந்துச்சு. எட்டுச் சக்கரம். வராத வண்டிக்கு என் பாலத்து ஜல்லி எங்க போச்சுன்னு நாளைக்கு யாராச்சும் கேட்டா நான் என்ன சொல்ல?"

கமால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். உங்களைக் காப்பாற்றத்தானே எழுதியிருக்கிறேன் என்றார். அரை மணி நேரம் பேசிப் பார்த்தார். பலிக்கவில்லை. வீட்டம்மாவுக்குத் தெரிந்தால் என்ன சொல்வார் என்றுகூடக் கேட்டார். "அவளும் பார்த்தா சார், அவளையும் கேளுங்க" என்றார் மேஸ்திரி. கடைசியில் கமால் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "சரி. எங்க வந்துச்சோ அங்க கூட்டிட்டுப் போங்க."

சித்திரை வெயிலில் கரிசல் வெடித்துக் கிடந்தது. வண்டிப்பாதையில் இரண்டு ஆழமான தடங்கள் செங்கல் மாதிரி இறுகியிருந்தன. மாட்டு வண்டிகள் அவற்றை விட்டு விலகிப் பக்கத்தில் புதுத் தடம் போட்டிருந்தன. இருநூறாவது மீட்டரில் எட்டுக் குழிகள், நாலு நாலாக. அவற்றில் ஜல்லியும் மக்கிய மாரும் மண்ணோடு சேர்ந்து இறுகியிருந்தன. பனங்கட்டை பதிந்த பள்ளங்களில் வரிவரியாக நார்த்தடம் தெரிந்தது.

கமால் டேப்பை எடுத்தார். அச்சுக்கு அச்சு எவ்வளவு தூரம், தடத்துக்குத் தடம் எவ்வளவு அகலம் என்று அளந்து ஒரு நோட்டில் எழுதினார். குழியில் இறங்கி நின்றார். ஜல்லியும் மாரும் கிடந்தும் அது அவருக்கு முழங்காலுக்கு மேல் இருந்தது.

"இதுக்குள்ளேருந்தா அதைக் காலால தூக்கி எடுத்தீங்க?"

"அது காலாலயே அது எந்திரிச்சுது சார். நான் கட்டை வச்சுக் கொடுத்தேன். நல்ல வண்டி. அதுக்கு என்னென்ன முடியுங்கிறது அதை ஓட்டிட்டு வந்தவியளுக்கு ஞாபகம் இல்ல."

ஆபீசுக்குத் திரும்பி வந்து கமால் வேறு மாதிரி எழுதினார். 'பெயர் குறிப்பிடப்படாத எட்டுச் சக்கரக் கனரக வாகனம் ஒன்று வண்டிப்பாதையில் சிக்கியது. மேஸ்திரி அதை மீட்டுக் கொடுத்தார். சாலையில் விபத்து நேராமலிருக்கச் சக்கரங்களைச் சுத்தம் செய்ய வைத்தார். மேல் நடவடிக்கை தேவையில்லை.'

"பீரங்கின்னு இல்லியே சார்."

"மேஸ்திரி."

"சரி சார். எட்டுச் சக்கரம் இருக்குல்ல." ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்து முடித்துக் கையெழுத்துப் போட்டார். போட்ட கையோடு, தரைப்பாலத்துக்கு ஜல்லி எப்போது வரும் என்று கேட்டார். கமால் சிரித்துவிட்டார். மேஸ்திரி சிரிக்கவில்லை. பதில் வரும்வரைக்கும் நின்றார்.

பட்டியலில் பெயர் ஆனியில் ஏறியது. ஆவணிக் கடைசியில் ஜல்லி வந்தது. மேஸ்திரி கோவில்பட்டிக்கு ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்த நாளில், லாரிக்காரன் ஓட்டப்பிடாரம் பக்கமாகச் சுற்றி வந்து, ஓடைக்கு அந்தக் கரையில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் போய்விட்டான். தார் டிரம், மம்பட்டி, அடுப்பு, ஆட்கள் எல்லாம் இந்தக் கரையில். மழைக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருந்தது.

முத்துத்தாய் தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "என்ன மேஸ்திரி செய்ய?"

சுடலைக்கண்ணு துண்டை உதறி மறுபடி தலையில் கட்டினார். அந்த லாரிக்காரனையும், அவனுக்கு வழி சொன்னவனையும், சாவுக்குச் சேதி அனுப்பியவர்களையும் திட்டிக்கொண்டே, ஜல்லியைத் தட்டுத் தட்டாக இந்தக் கரைக்குச் சுமந்து வர, ஓடையில் முதல் ஆளாக இறங்கினார்.